ஒன்றுக்கு மூன்று தண்ணீர்

மயூர் விஹாரில் எங்கள் ஃபிளாட்டில் குளியலறைகள் இரண்டு. அவற்றில் ஒன்றில் எட்டு மாதமாக யாரும் குளிப்பதில்லை. அங்கே என் மாப்பிள்ளை பீர் காய்ச்சுகிறார்.

எட்டு மாதம் என்பது குத்துமதிப்பு. சரியாகச் சொன்னால், நான் சொல்லப்போகும் காரியம் நடந்த அன்று இருநூற்று நாற்பத்தோரு நாள். அவர் வேலை பார்த்த கம்பெனி ஒரு காலைப்பொழுதில் ஒரு மாடியையே காலி செய்தது. அந்த மாடியில் அவரும் இருந்தார். வயது நாற்பத்து மூன்று. மகளும் அவரும் நொய்டா வீட்டை விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கினார்கள். வரும்போது பதினாறு பெட்டிகள். ஐந்தில் துணிமணியும் பாத்திரமும். மீதிப் பதினொன்றில் பீர் காய்ச்சும் சாமான்.

"வீட்டோட மாப்பிள்ளைன்னு கேள்விப்பட்டிருக்கேன். பாத்ரூமோட மாப்பிள்ளையை இப்பத்தான் பாக்கேன்" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். மாப்பிள்ளை டெல்லியில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் ஊர்த் தமிழில் பத்து வார்த்தை சொன்னால் ஆறு புரியும். அந்த வாக்கியத்தில் புரிய வேண்டிய ஆறும் புரிந்துவிட்டன. தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். என் மகள் சிரிக்கவில்லை.

நான் எடை அளவுத் துறையில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவன். கடைத் தராசுகளுக்கு முத்திரை அடிப்பது, பெட்ரோல் பங்கில் லிட்டர் லிட்டராக விழுகிறதா என்று பார்ப்பது, பால்காரரின் குவளையை உள்ளங்கையில் வைத்து அவர் முகத்தைப் பார்ப்பது. அன்றைக்கு நாங்கள் குடியிருந்த லோதி ரோடு குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் நிறுத்தம் நானூற்றுப் பன்னிரண்டு தப்படி. மழைக்காலத்தில் குட்டைகளைச் சுற்றிப் போக வேண்டும் என்பதால் நானூற்று முப்பது. எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் பீர் புளிக்கும்போது மூடியில் பொருத்திய கண்ணாடிக் குழாயில் காற்றுக் குமிழி வரும்; அதையும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். நல்ல நாளில் நிமிடத்துக்கு நாற்பது.

வீட்டில் இப்படிக் காய்ச்சலாமா என்று முதல் வாரமே கேட்டேன். "கிரே ஏரியா, மாமா" என்றார். வாழ்நாளெல்லாம் அரசாங்கச் சம்பளம் வாங்கியவனுக்குக் கிரே ஏரியா என்பது போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைக்கும் பெஞ்சு. ஒரு வாரம் தூக்கமில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசனை என்னவென்று கேட்டால் "மாப்பிள்ளை கஷாயம் போடுதாவ" என்று சொல்லும்படி மனைவியிடம் சொல்லிவைத்தேன். கேட்ட நான்கு பேரில் இரண்டு பேர் எங்களுக்கும் கொஞ்சம் வேண்டும் என்றார்கள்.

பீர் என்றால் என்ன? முளைகட்டிக் காயவைத்த பார்லி. அதற்கு மால்ட் என்று பெயர். அதை ஒன்றிரண்டாக உடைத்து வெந்நீரில் கலந்து, சூடு வெளியே போகாமல் மூடிவைக்க வேண்டும். அறுபத்தாறு டிகிரி, ஒரு மணி நேரம். தானியத்துக்குள்ளேயே இருக்கும் நொதிகள் அந்த நேரத்தில் மாவைச் சர்க்கரையாக மாற்றிவிடும். பிறகு இனிப்புச் சாற்றை வடித்து, சக்கைமேல் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி மிச்ச இனிப்பையும் கழுவி இறக்க வேண்டும். சாற்றைக் கசப்புப் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் போட்டால் அது சர்க்கரையைத் தின்று மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஆக, பார்லிக் கஞ்சி. இதற்குத்தான் பொறியியல் படித்த மனிதர் பதினொரு பெட்டி தூக்கிக்கொண்டு வந்தார்.

அந்தக் கஞ்சிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதில் அவர் பேச ஆரம்பித்தால் சாம்பார் ஆறிவிடும். கெட்டியாகக் கலந்தால் நொதிகள் சூட்டில் சீக்கிரம் சாகாமல் தாக்குப்பிடிக்கும், ஆனால் வேலை மெதுவாக நடக்கும், வடிப்பதும் கஷ்டம். நீர்க்கக் கலந்தால் வேலை வேகமாக நடக்கும், நொதிகளும் வேகமாகப் போய்ச்சேரும். அதற்குமேல் டெல்லித் தண்ணீர் வேறு. கடினமான, காரத்தன்மையுள்ள தண்ணீர். தானியத்தின் லேசான புளிப்புத்தான் அதைச் சமன்செய்யும். தண்ணீர் கூடினால் தானியத்தால் முடியாது. உமியிலிருந்து துவர்ப்பு இறங்கிவிடும். எல்லாவற்றுக்கும் நடுவில் அவர் பிடித்துவைத்த அளவு ஒன்றுக்கு மூன்று. இதை ஏதோ இமயமலையில் கண்டுபிடித்ததுபோலச் சொல்வார். என் மனைவி அரிசிக்குத் தண்ணீர் வைப்பதை ஐம்பது வருடமாக யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

இப்படி நான் கேலி பேசிக்கொண்டிருந்தபோதுதான் குருகிராமிலிருந்து அந்த அழைப்பு வந்தது. அங்கே சொந்தமாகப் பீர் காய்ச்சி விற்கும் ஒரு மதுக்கூடம். அதன் தலைமைக் காய்ச்சுநர் யார் மூலமாகவோ மாப்பிள்ளையின் பாட்டில் ஒன்றைக் குடித்துப் பார்த்திருக்கிறார். உதவிக்கு ஆள் தேவை. ஒரே வகை மால்ட், ஒரே வகைப் பூ, ஒளித்துவைக்க எதுவும் இல்லாத வெளிர்ந்த பீர் ஒன்றை ஐந்து கிலோ மால்ட் கணக்கில் காய்ச்சி, நான்காவது வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொன்னார். சரியாக இருந்தால் வேலை. இருநூற்று சொச்சம் நாளில் அவரை யாரோ ஒருவர் "வா" என்று சொன்னது அதுவே முதல் தடவை. அன்று மகள் இரண்டாவது குளியலறையைத் தானே தேய்த்துக் கழுவினாள்.

காய்ச்சிய நாள் ஜனவரி ஞாயிறு. காலை எட்டு மணிக்கு வீட்டுக்குள் பன்னிரண்டு டிகிரி. மாப்பிள்ளை ஐந்து கிலோ உடைத்த மால்ட்டைப் பெரிய ஐஸ்பெட்டியில் கொட்டிவைத்திருந்தார். ஐஸை உருகாமல் வைப்பது சூட்டையும் ஆறாமல் வைக்கும். பெரிய பானையில் முப்பது லிட்டர் தண்ணீர் அடுப்பில் ஏறியிருந்தது. அப்போது கீழேயிருந்து காவலாளி கூப்பிட்டார்: தவறான இடத்தில் நிறுத்திய காரைக் கிரேன் தூக்கிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை செருப்பில்லாமல் ஓடினார். மகள் தான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா ஒத்திகைக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் மனைவியும் பானையும்.

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. காரின் பின்னாலேயே ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தார்.

"மாமா, எழுபத்திமூணு டிகிரி ஆச்சுன்னா உடனே தண்ணியை மால்ட்ல ஊத்திடுங்க. ஜல்தி. லேட் ஆச்சுன்னா ஓவர்ஹீட்."

"எவ்வளவு ஊத்தணும் மாப்ளே?"

"சிம்பிள் மாமா. ஒண்ணுக்கு மூணு."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சமையலறையில் மனைவி கரண்டியைக் கீழே போட்டாள்.

"ஒண்ணுக்கு மாமா, ஒண்ணுக்கு" என்று அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார், எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து. "ஒண்ணுக்கு மட்டும் கரெக்டா இருந்தா பீர் நல்லா வரும்."

ஒண்ணுக்கு என்றால் எங்கள் வீட்டில் குழந்தைகள் எதற்குப் போவார்கள் என்பது அந்த டெல்லிப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். "நல்லா வரும்லா, வராம எங்க போவுது" என்றாள். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. சிரிப்பு அடங்கியபோது போன் அணைந்திருந்தது. கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியை நான் கேட்கவில்லை: எதில் ஒன்று, எதில் மூன்று?

எழுபத்து மூன்று டிகிரி ஆகிவிட்டது. அரிசி டப்பாவிலிருந்து ஒரு லிட்டர் எவர்சில்வர் மக்கை எடுத்தேன். மால்ட்டை மக்கு மக்காக அள்ளி அண்டாவில் போட்டு எண்ணினேன். தலை தட்டிப் பத்து மக்கு. திரும்ப ஐஸ்பெட்டியில் கொட்டினேன். பத்துக்கு முப்பது. அடுப்பைச் சின்னதாக வைத்துக்கொண்டு முப்பது மக்கு வெந்நீர் ஊற்றினேன். முப்பதாவது மக்கோடு பானை காலி. ஒரு சொட்டு மிச்சமில்லை. கணக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? துடுப்பால் கிளறி, சூட்டைப் பார்த்து, ஒரு தாளில் எழுதினேன்: அறுபத்தொன்பதரை. மூடினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு பதிவுகள்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போன். காருக்காக வரிசையில் நிற்பதாகச் சொன்னார்.

"மாமா, இப்ப கீழே குழாயைத் திறந்து சாறு எடுங்க. அப்புறம் பானையில் மீதிப் பதினைஞ்சு லிட்டர் இருக்குல்ல, அதை மேல மெதுவா ஊத்திக் கழுவுங்க."

நான் பானையைப் பார்த்தேன். உள்ளே என் முகம் கோணலாகத் தெரிந்தது.

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. ஒன்று என்றால் கிலோ. மூன்று என்றால் லிட்டர். ஒரு மக்கு மால்ட் அரைக் கிலோகூட ஒழுங்காக இருக்காது. ஐந்து கிலோவுக்குப் பதினைந்து லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் முப்பதையும் ஊற்றியிருக்கிறேன். எடைக்கும் கொள்ளளவுக்கும் வித்தியாசம் தெரியாத கடைக்காரர்களுக்கு முப்பத்துநான்கு வருடம் நோட்டீஸ் கொடுத்த கை இது.

"சரி மாப்ளே" என்றேன்.

சாற்றை வடித்தேன். சக்கை குடித்தது போக இருபத்தைந்து லிட்டர் வந்தது. அவர் வழக்கமாகக் கழுவி முடித்த பிறகு வரும் அளவும் அதே இருபத்தைந்து. பானையில் அவர் போட்டுவைத்த கோட்டில் சாறு வந்து நின்றது. வேண்டுமென்று செய்தாலும் இப்படி அமையாது.

மாப்பிள்ளை வந்ததும் கோட்டைப் பார்த்தார். "கழுவிட்டீங்களா மாமா?"

"முப்பது லிட்டரும் போட்டாச்சு" என்றேன். அரசாங்கத்தில் இதற்குப் பொய் என்று பெயர் இல்லை. கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் இருக்கும் கேள்விக்குச் சரியான பதில் சொல்வது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், முதலில் வெட்கம். வீட்டில் அளவு பற்றி யார் பேசினாலும் நான்தான் கடைசி வார்த்தை. அந்த நாற்காலியை விட மனமில்லை. பிறகு ஒரு கெட்ட எண்ணமும் இருந்தது. தண்ணீர் கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் என்ன ஆகிவிடும், இவர் அலட்டுவதெல்லாம் வெறும் அலட்டல்தான் என்று நிரூபணமாகட்டுமே.

நிரூபணம் அன்று மாலைக்குள்ளேயே வேறு பக்கம் திரும்பியது. சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று காட்டும் மிதவையை அவர் போட்டுப் பார்த்தார். நாற்பத்தெட்டு வர வேண்டும், வந்தது நாற்பத்திரண்டு. என் தாளைப் பார்த்தார். "அறுபத்தொன்பதரையா? அறுபத்தாறு வரணுமே." தெர்மாமீட்டர்மேல் சந்தேகம் வந்து, ஐஸ் தண்ணீரில் வைத்தார். சைபர் காட்டியது. கொதிக்கும் தண்ணீரில் வைத்தார். நூறு காட்டியது. "தெர்மாமீட்டர் டீக் ஹை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது நன்றாக இருப்பதில் அவருக்கு அவ்வளவு வருத்தம்.

மறுநாள் காலை மனைவி அரிசி மக்கோடு வந்து நின்றாள். விளிம்பில் வெள்ளையாக மாவு.

"மக்குல அளந்தீயளோ?"

"ம்."

"மக்குல அளந்த மக்கு" என்றாள். "போய்ச் சொல்லுங்க."

"சொல்லுதேன்."

சொல்லவில்லை. குமிழி எண்ணினேன். நிமிடத்துக்கு இருபத்தாறுக்கு மேல் போகவில்லை. ஐந்தாம் நாள் ஏறக்குறைய நின்றுவிட்டது. மற்றப் பீர்களில் மிதவை பத்துக்கு இறங்கும். இதில் பத்தொன்பதிலேயே உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளை ஈஸ்ட்டைச் சந்தேகித்தார். மால்ட் விற்றவரைச் சந்தேகித்து அரை மணி நேரம் போனில் பேசினார். தண்ணீரைச் சந்தேகித்து மூன்று பாட்டிலில் பிடித்துக்கொண்டு பரிசோதனைக்கு ஓடினார். யமுனையைச் சந்தேகித்தார். ஒருவரை மட்டும் சந்தேகிக்கவில்லை.

"ரேஷியோ கரெக்ட்தானே மாமா? ஒண்ணுக்கு மூணு?" என்று ஒரு தடவை கேட்டார், கேட்க வேண்டுமே என்று.

"ஒண்ணுக்கு மூணுதான்" என்றேன். அதுவும் உண்மைதான்.

கொண்டுபோக வேண்டிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை பாட்டிலைத் திறந்து நால்வரும் ருசி பார்த்தோம். மனைவி நாக்கு நுனியால். நான் பீரில் மூன்று வாய்க்கு மேல் போனதில்லை. இதில் ஒன்றோடு நிறுத்தினேன். முதலில் தண்ணீர். பிறகு ஓர் அசட்டு இனிப்பு. கடைசியில் மூன்று தடவை கொதிக்கவிட்ட டீத்தூள்போல ஒரு துவர்ப்பு பல்லைப் பிடித்தது. மகள், "ஒண்ணும் மோசமில்ல" என்றாள். கல்யாணமான பதினைந்து வருடத்தில் அவள் அவரிடம் சொன்ன மோசமான பொய் அதுதான்.

மாப்பிள்ளை தம்ளரைக் கீழே வைத்தார். "மறுபடி பண்ண டைம் இல்ல. பரவாயில்ல. ஆனா தப்பு எங்கன்னே தெரியலையே. தப்பு எங்கன்னு தெரியாதவன் என்ன ப்ரூவர்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அன்று பின்னேரமே கண்ணாடிக் குழாய்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். நான்கு பெட்டிகள் நிரம்பின. குளியலறையில் வாளியும் சோப்பும் வைக்க இடம் வந்துவிட்டது. எட்டு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு அவர் பால்கனியில் போனை எடுத்துக்கொண்டு போனார். நாளைக்கு வரவில்லை என்று குருகிராமுக்குச் சொல்லப்போகிறார் என்று மகள் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பவில்லை. கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சமையலறைக்குப் போய் மக்கை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

"மாப்ளே, போனை வையுங்க. இதுல அளந்தேன்."

"எதை?"

"ரெண்டையும்."

அவர் மக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மால்ட்டையுமா? வெயிட் பண்ணலையா?"

"பத்து மக்கு மால்ட். முப்பது மக்கு தண்ணி. கழுவ ஒண்ணும் மிச்சமில்ல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். என் வயதுக்குத் திட்டு வாங்குவது எப்படி இருக்கும் என்று ஒரு மாதமாக ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன். அவரோ மக்கைப் பிடுங்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடி, மிச்ச மால்ட்டை அதில் தலைதட்டி நிரப்பித் தராசில் வைத்தார். நானூற்றுத் தொண்ணூற்றெட்டு கிராம்.

"கிலோவுக்கு ஆறு லிட்டர்" என்றார். பேனாவைத் தேடி, என் தாளின் பின்புறம் கணக்குப் போட்டார். "பன்னிரண்டு டிகிரி மால்ட்... டபுள் தண்ணி, அதனால மால்ட் அதை ஆறவைக்க முடியல... அறுபத்தொன்பதரை. மாமா, அறுபத்தொன்பதரையேதான்." அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. அவ்வளவு சூட்டில், அவ்வளவு நீர்த்த கஞ்சியில் நொதிகள் சீக்கிரம் செத்திருக்கும், ஈஸ்ட் தின்னமுடியாத சர்க்கரை தங்கியிருக்கும், அதனால் பத்தொன்பது. கழுவாததால் நாற்பத்திரண்டு. காரத் தண்ணீர் இரட்டிப்பானதால் துவர்ப்பு. ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். தெர்மாமீட்டர் நிரபராதி, ஈஸ்ட் நிரபராதி, யமுனைகூட நிரபராதி. வேலை போய்க்கொண்டிருக்கிற மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

"நாளைக்குப் போறேன்" என்றார். "இந்தப் பீரையே எடுத்துக்கிட்டு. நீங்களும் வர்றீங்க."

"நான் எதுக்கு?"

"நான் மட்டும் சொன்னா சால்ஜாப்புன்னு நினைப்பாங்க. மாமனார்மேல பழி போடறான்னு."

"ஒரு லெட்டர் எழுதித் தாறேனே."

"அப்பா, போங்க" என்றாள் மகள். இரண்டே வார்த்தை. போனேன்.

தலைமைக் காய்ச்சுநர் முப்பது வயதுப் பெண். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆறு செம்பு நிறத் தொட்டிகள் நின்றன. ஒரு வாய் குடித்தார், வடிகாலில் துப்பினார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, என் அலுவலக இந்தியில், பத்து மக்கையும் முப்பது மக்கையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒரு மாதம் வாயைத் திறக்காமல் இருந்ததையும் சொன்னேன். அதை மாப்பிள்ளை சொல்லச் சொல்லவில்லை.

"அங்கிள்ஜி, ரிடையர் ஆவதற்கு முன் என்ன வேலை?" என்று அந்தப் பெண் கேட்டார்.

எடை அளவுத் துறைக்கு இந்தியில் நாப்-தோல் என்று பெயர். "நாப்-தோல்" என்றேன்.

அவர் ஒரு தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த இருவரைக் கூப்பிட்டு, என்னை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர்களும் சிரித்து முடித்த பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. ஊற்றி ஐந்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார்.

"இன்னும் மால்ட் போட்டிருப்பேன்" என்றார் மாப்பிள்ளை. "குளிர்ந்த மால்ட். சூடும் கொஞ்சம் இறங்கும், கஞ்சியும் கெட்டியாகும். துவர்ப்புக்குத் துளி ஆசிட். பீர் ஸ்ட்ராங்கா போயிருக்கும், நீங்க கேட்டது வந்திருக்காது. ஆனா குடிக்கலாம்."

அந்தப் பெண் பாட்டிலின் மிச்சத்தையும் வடிகாலில் ஊற்றினார். மூன்று மாதம் சோதனை முறையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வர வேண்டும், ரப்பர் பூட்ஸ் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும்.

திரும்பும் வழியில் சுங்கச்சாவடியைத் தாண்டினோம். பிறகு அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாமா" என்றார். "மறுபடி காய்ச்ச டைம் இருந்தது. நல்ல பீர் கொண்டுபோயிருப்பேன். சிரிச்சு வேலை கொடுத்தாங்க. குடிச்சுக் கொடுத்திருக்கலாம்."

எட்டு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் கடுமையான வார்த்தை அது. தமிழும் சரியாக இருந்தது.

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.